ஹாப்ஸை எடை பார்த்து வாங்காதீர்கள், ஆல்ஃபா பார்த்து வாங்குங்கள்

வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் ஆன்லைனில் சாமான் வாங்கும்போது கிலோ விலையை மட்டும் பார்த்துக் கடையை முடிவு செய்கிறார்கள். காசு கரைவது அங்கேதான். மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் தரும் பூ), ஈஸ்ட் மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கார்ட்டில் போட்டு முடிக்கும் சௌகரியத்துக்கு நாம் கொடுக்கும் விலை கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் ஹாப்ஸ். 20 லிட்டர் பியருக்கு 30 ஐபியு (கசப்பின் அலகு) கசப்பு வேண்டும், ஹாப்ஸ் 60 நிமிடம் கொதிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஹாப்ஸில் கசப்பைத் தருவது ஆல்ஃபா அமிலம். போடும் அமிலத்தில் கால் பங்குதான் கசப்பாக மாறி வோர்ட்டில் (மால்ட்டிலிருந்து வடித்த இனிப்புச் சாறு) தங்கும். ஆகவே ஏறத்தாழ 2.5 கிராம் ஆல்ஃபா அமிலம் தேவை. 4% ஆல்ஃபா உள்ள சாஸ் ரக ஹாப்ஸ் என்றால் இதற்கு 60 கிராமுக்கு மேல் போக வேண்டும். 13% உள்ள மேக்னம் ரகம் என்றால் 19 கிராம் போதும். கிராம் விலையில் மேக்னம் இரண்டு மடங்காக இருந்தாலும் அதுதான் மலிவு. கசடும் குறையும், கசடு உறிஞ்சிக்கொள்ளும் வோர்ட்டும் மிச்சம். சாஸ், காஸ்கேட் மாதிரியானவற்றைக் கடைசி பத்து நிமிடத்துக்கும் ட்ரை ஹாப்புக்கும் (கொதிக்கவைக்காமல் நொதிகலனிலேயே ஹாப்ஸ் போடுவது) வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு நாம் விலை கொடுப்பது வாசனைக்காக.

ஒன்றைக் கவனியுங்கள். பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் ஆல்ஃபா சதவீதம் சோதனை செய்த நாளில் இருந்தது. காற்றும் சூடும் பட்டால் அது இறங்கிக்கொண்டே போகும். ஜிப் கவரில் பிரித்துக் கட்டி, சாதாரண அலமாரியில் வைத்து விற்கிற ஹாப்ஸ் பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம். பழசாகிப்போன ஹாப்ஸில் சீஸ் நாற்றம் அடிக்கும், அது பியரிலும் ஏறும். கடைக்கு ஒரு மெயில் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த ஆண்டு அறுவடை, அந்த லாட்டின் ஆல்ஃபா எவ்வளவு, குளிரில் வைத்திருக்கிறீர்களா. மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். அதே நேரம், போன ஆண்டு அறுவடை என்றாலே ஒதுக்க வேண்டியதில்லை. வேக்யூம் செய்த அலுமினிய கவரில் ஃப்ரீசரில் இருந்த பெல்லட் (அரைத்து அழுத்திய ஹாப்ஸ்) அடுத்த ஆண்டும் நன்றாகவே இருக்கும். வட கோளத்தில் அறுவடை ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. புதுச் சரக்கு வந்து இறங்கும்போது பல கடைகள் பழையதைத் தள்ளுபடியில் தள்ளிவிடுவார்கள். கசப்புக்கான ஹாப்ஸை மொத்தமாக வாங்கி ஃப்ரீசரில் போட அதுதான் சமயம்.

மால்ட் விஷயத்தில் எதிரி எடை. பல நேரம் கூரியர் செலவு மால்ட் விலையையே எட்டிப் பிடித்துவிடும். ஆகவே மால்ட்டை மட்டும் பக்கத்தில் இருக்கிற கடையில் 25 கிலோ மூட்டையாக எடுங்கள். எடையில்லாத ஹாப்ஸும் ஈஸ்ட்டும் எவ்வளவு தொலைவிலிருந்து வந்தாலும் பாதகமில்லை. தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன் வோர்ட்டின் அடர்த்தி, தண்ணீர் 1.000) 1.050 உள்ள 20 லிட்டருக்கு, 72% திறனில் (மால்ட்டின் சர்க்கரையில் வோர்ட்டுக்கு வந்து சேரும் பங்கு), 4.6 கிலோ பேல் மால்ட் (வெளிர் நிற அடிப்படை மால்ட்) வேண்டும். ஒரு மூட்டையில் ஐந்து ஈடு காய்ச்சி, கொஞ்சம் மீதியும் வரும்.

மூட்டை வாங்கினால் அரைப்பது உங்கள் பொறுப்பு. முழு மால்ட் காற்றுப் புகாத டப்பாவில் ஓராண்டு தாங்கும், அரைத்ததைச் சில வாரங்களில் தீர்த்துவிட வேண்டும். கடைக்காரர் அரைத்து அனுப்பும் மால்ட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. புகார் வராமல் இருக்க, வடிகட்டும்போது அடைக்கக் கூடாது என்று, பலரும் உருளை இடைவெளியை அகலமாக வைத்துக் கொரகொரப்பாக உடைப்பார்கள். திறன் 60 சதவீதத்துக்கு இறங்கினால் அதே பியருக்கு 5.5 கிலோ தேவைப்படும். ஒவ்வொரு ஈட்டுக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ மால்ட் வீண். இரண்டு உருளை உள்ள கை மில் ஒன்றை வாங்கி இடைவெளியை 1 மி.மீ. அருகில் வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி தீரும். அடிக்கடி காய்ச்சுகிறவர்களுக்கு மில் ஆடம்பரம் இல்லை.

நிற மால்ட் ஆர்டர் செய்யும்போது நிறத்தின் அலகைப் பாருங்கள். சில கடைகள் லோவிபாண்டிலும் சில இபிசியிலும் போடுவார்கள். செய்முறையில் கிரிஸ்டல் 60 லோவிபாண்ட் என்றிருந்தால் இபிசியில் அது ஏறத்தாழ 160. இபிசி 60 என்பதை வாங்கிப் போட்டுவிட்டு, பியர் வெளுத்துப்போச்சே என்று யோசிப்பதில் பயனில்லை.

எக்ஸ்ட்ராக்ட்டில் (மால்ட்டின் சாற்றை வற்றவைத்த தூள் அல்லது பாகு) காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன அதே 20 லிட்டருக்கு உலர் தூள் 2.7 கிலோ, திரவம் 3.3 கிலோ. விலையை ஒப்பிடும்போது இந்த விகிதத்தில் ஒப்பிடுங்கள். திரவ எக்ஸ்ட்ராக்ட் டப்பாவிலேயே கறுத்துப் பழவாடை பிடிக்கும், அதனால் தயாரித்த தேதி தெரியாத தள்ளுபடி டப்பாவைத் தொட வேண்டாம். எல்லாம் சேர்ந்த ரெடிமேட் கிட்? முதல் தடவைக்குச் சரி. அதற்கு மேல் அட்டைப்பெட்டிக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

ஈஸ்ட்டில் என் கட்சி உலர் ஈஸ்ட்தான். யுஎஸ்-05 போன்ற 11.5 கிராம் பாக்கெட் ஒன்று 20 லிட்டர் ஏல் வகைப் பியருக்குப் போதும். குளிரில் நொதிக்க விடும் லாகருக்கு இரண்டு. சாதாரண கூரியரில் சில நாள் வந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. திரவ ஈஸ்ட் வெயில் காலத்தில் ஐஸ் பேக் இல்லாமல் வந்தால் பாதி செத்துத்தான் வரும். காலாவதி நெருங்கி விலை குறைத்த திரவ ஈஸ்ட்டை வாங்கலாம், ஆனால் லிட்டருக்கு 100 கிராம் உலர் எக்ஸ்ட்ராக்ட் கரைத்துக் கொதிக்கவைத்து ஆறவிட்ட ஸ்டார்ட்டரில் பெருக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். கடைக்காரர் பெரிய பொட்டலத்தை உடைத்துச் சின்னக் கவரில் கட்டிக் கொடுக்கும் ஈஸ்ட் மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம். ஈரமும் கிருமியும் எப்போது புகுந்தன என்று யாருக்கும் தெரியாது.

உண்மையான மலிவு நொதிகலனின் அடியில் இருக்கிறது. பியரை எடுத்த பிறகு தங்கும் ஈஸ்ட் கூழில் 200 மி.லி. அளவு, கிருமிநீக்கம் செய்த ஜாடியில் ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் போட்டால் அடுத்த 20 லிட்டர் ஓடிவிடும். தொடக்க அடர்த்தி 1.060க்கு மேல் போன பியரின் கூழையும் ட்ரை ஹாப் செய்த பியரின் கூழையும் எடுக்காதீர்கள். வெளிர் நிறத்திலிருந்து கறுப்புக்குப் போகிற வரிசையில் காய்ச்சினால் ஒரே பாக்கெட் நாலைந்து ஈட்டுக்கு வரும்.

சில்லறைச் சாமான்களில்தான் இந்தக் கடைகளின் லாபம். பாட்டிலில் நுரை கட்டுவதற்கென்று தனியாக டெக்ஸ்ட்ரோஸ் வேண்டாம், லிட்டருக்கு 6 கிராம் வீட்டுச் சர்க்கரை போதும். ஓட்ஸ் அவல் மளிகைக் கடையில் கிடைப்பதும் இந்தக் கடைகளில் விற்பதும் ஒன்றுதான். சுத்தம் செய்யும் தூள்களில் பலவற்றுக்கும் அடிப்படை சோடியம் பெர்கார்பனேட், அதைத் தனியாகவே வாங்கலாம். கேம்ப்டென் மாத்திரை ஒன்று ஏறத்தாழ 75 லிட்டர் தண்ணீரின் குளோரினை நீக்கப் போதும், ஆக 20 லிட்டருக்குக் கால் மாத்திரை. தண்ணீரைச் சரிசெய்யப் போடும் கால்சியம் குளோரைடை மட்டும் சிறு சீல் பாட்டிலில், உணவுத் தரத்தில் எடுங்கள். அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும், பிறகு எடைக்கணக்கு உதவாது. கிருமிநீக்கியில் கஞ்சத்தனம் வேண்டாம். லிட்டருக்கு 1.5 மி.லி. போதும் ஸ்டார் சான் ஒரு பாட்டில் எத்தனையோ ஈட்டுக்கு வரும்.

இலவச டெலிவரி வரம்பைத் தொடுவதற்காகத் தேவையில்லாத நிற மால்ட் ஒரு கிலோ சேர்ப்பது பழைய பொறி. ரோஸ்டட் பார்லி ஒரு ஈட்டுக்கு 200, 300 கிராம் போனால் அதிகம். அதைவிட மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே ஆர்டர் போடுங்கள். மால்ட் மூட்டையைப் பிரிக்கலாம், ஹாப்ஸ் அரைக் கிலோவைப் பிரித்த அன்றே வேக்யூம் போட்டுப் பங்கு வைக்கலாம். ஈஸ்ட்டைப் பாக்கெட்டாகத்தான் பிரிக்க வேண்டும், கிராமாக அல்ல.

பார்சல் வந்ததும் ஹாப்ஸ் கவரை அழுத்திப் பாருங்கள். வேக்யூம் என்று போட்டிருந்தும் காற்று நிரம்பித் தளர்ந்திருந்தால் சீல் போயிருக்கிறது, அன்றே படம் எடுத்து அனுப்பி மாற்றிக் கேளுங்கள். நைட்ரஜன் அடைத்த கவர் இயல்பாகவே உப்பியிருக்கும், அதைக் குற்றம் சொல்லாதீர்கள். மால்ட்டில் நாலு மணியை வாயில் போட்டுக் கடியுங்கள். மொறுமொறுவென்று உடைந்தால் சரி, ரப்பர் மாதிரி வளைந்தால் ஈரம் குடித்த சரக்கு, மூட்டையோடு திருப்பி அனுப்புங்கள்.