இறங்கப் பழகாமல் ஏறாதீர்கள்

தை பிறந்துவிட்டால் எங்கள் காரைக்குடிப் பக்கம் யாரைப் பார்த்தாலும் கால்களைப் பற்றித்தான் பேச்சு. பழனிக்கு நடக்கிறவர்கள் ஒருபுறம். பிப்ரவரி பிறந்ததும் வெள்ளியங்கிரிக்கு வேன் பிடிக்கிறவர்கள் மறுபுறம். இப்போது மூன்றாவதாக ஒரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது: கையில் ஜிபிஎஸ் வாட்ச், பனியனில் ஏதோ ஓர் ஊர் மாரத்தான் பெயர், விடியுமுன் அழகப்பா பல்கலைக்கழகம் பக்கம் ஓட்டம், டீக்கடையில் லடாக், எவரெஸ்ட் பேஸ் கேம்ப் என்று பேச்சு. நானும் அந்த மூன்றாவது கூட்டத்துக்காரன்தான். அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் பயிற்சி எடுப்பது ஏறுவதற்கு மட்டும்தான். கால் உடைவதோ இறங்கும்போது.

ஏறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், வேர்த்துக் கொட்டும். போதும் நிறுத்து என்று உடம்பே சத்தம் போடும். இறங்கும்போது அந்தச் சத்தம் கிடையாது. பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கலாம், அவ்வளவு லேசாக இருக்கும். ஆனால் தொடையின் முன்பக்கத் தசை படாத பாடு படுவது அந்த நேரத்தில்தான். ஏறும்போது அது சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது, நீண்டுகொண்டே உடம்பு கீழே விழாமல் பிடிக்கிறது. மாடியிலிருந்து அரிசி மூட்டையைக் கயிறு கட்டி இறக்கியவர்களுக்குத் தெரியும், ஏற்றும்போதைவிட இறக்கும்போதுதான் கயிறு உள்ளங்கையைச் சீவும். தசையிலும் அப்படித்தான் நுண்ணிய இழைகள் கிழிகின்றன. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் ஆரம்பித்து, இரண்டாம் மூன்றாம் நாள்தான் வலி உச்சத்துக்கு வரும். மலைக்குப் போய்வந்து மூன்றாம் நாள், வெஸ்டர்ன் டாய்லெட் எந்த வீட்டில் இருக்கிறது என்று தேடி அலைகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளியங்கிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு மலை, ஒருவழிக்குச் சுமார் 6 கிலோமீட்டர். கேட்டால் "அவ்வளவுதானா" என்றுதான் தோன்றும். நம் ஆட்கள் போகிற அழகு இது: சனிக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வேன் ஏறுவது, ராத்திரி பூண்டி அடிவாரத்தில் இறங்கித் தூங்காமல் கொள்ளாமல் ஏறுவது, விடியற்காலையில் உச்சியில் சூரியன் வருவதைப் படம் பிடிப்பது, பிறகு வெயிலில் இறங்கி, தொடை வெடவெடக்க வேனில் விழுவது. படியும் பாறையுமான வழியில், தூக்கம் கெட்டு, தண்ணீர் தீர்ந்த உடம்போடு இறங்குகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். முட்டி தானாக மடங்கும். பக்கவாட்டில் திரும்பி நண்டு மாதிரிதான் இறங்குவார்கள். இதயக்கோளாறும் மூச்சுத்திணறலும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்லிக்கொண்டே இருக்கிறது. சாவுச் செய்திகளும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அடிவாரத்தில் விற்கிற மூங்கில் கம்பைக் கிழவர்கள் முதல் வேலையாக வாங்குகிறார்கள், ஜிம்முக்குப் போகிற பையன்கள் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நடக்கிறார்கள். நாலாவது மலை தாண்டி இறங்குகையில் அதே பையன்கள் கம்பு இரவல் கேட்பார்கள்.

அந்தக் கம்பு சும்மா பக்திச் சின்னம் இல்லை. சரிவில் கம்பு ஊன்றி இறங்கினால் முட்டியில் விழுகிற சுமை குறைகிறது. 25 டிகிரி சரிவை ஆய்வுக்கூடத்தில் செய்துவைத்து அளந்தபோது, நாலில் ஒரு பங்கு வரைக்கும் குறைந்தது. நீளம் கூட்டிக் குறைக்கிற மலையேற்றக் கம்பு வைத்திருப்பவர்கள் ஏறும்போது குட்டையாகவும், இறங்கும்போது ஐந்து பத்து சென்டிமீட்டர் நீட்டியும் வைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் என்றால் நெஞ்சுயரம் பார்த்து வாங்குங்கள், போதும்.

குன்றக்குடியில் கூடி சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனி போகிற நகரத்தார் காவடி எங்கள் பக்கத்தின் பெருமை. நானூறு ஆண்டு மரபு என்பார்கள். அதைப் பற்றி எழுதுகிற எல்லோரும் போகிற வழியைத்தான் எழுதுகிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது, காவடி நடந்தே ஊர் திரும்புவதுதான். தைப்பூசம் ஆனதும் பஸ் ஏறுகிற ஊரில், திரும்புகிற நடையும் யாத்திரையின் பாதி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை சாலையோரத் திண்டில் உட்கார்ந்து பாதத்துக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஓர் ஆச்சியிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுபது வயதுக்குக் குறையாது. சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் பழைய வெள்ளைத் துணியைக் கிழித்து மடித்து வைத்திருந்தார், உரசிக் கொப்புளம் வராமல் இருக்க. "போறதா வர்றதா, எது ஆச்சி கஷ்டம்?" என்று கேட்டேன். "போறப்ப முருகன் இழுத்துக்குவான் தம்பி. வர்றப்ப நம்ம காலுதேன் நடக்கணும்" என்றார், எண்ணெய்க் கிண்ணத்தை மூடிக்கொண்டே. விளையாட்டு மருத்துவர் யாரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

உலகத்துப் பெரிய சவால்களைப் பார்த்தாலும் இதே கதைதான். லடாக்கில் நடக்கிற கர்துங் லா சேலஞ்ச் 72 கிலோமீட்டர் ஓட்டம். 17,500 அடிக்கு மேலே இருக்கிற கணவாயைக் கேட்டதும் எல்லோருக்கும் மூச்சு முட்டும், நியாயம்தான். ஆனால் கணவாய்க்கு ஏறுவது 32 கிலோமீட்டர். அதற்குப் பிறகு லே நகரம் வரைக்கும் 40 கிலோமீட்டர் இறக்கம். தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடக்கிற காம்ரேட்ஸ் ஓட்டம் 90 கிலோமீட்டர் அளவு, 12 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். திசை மாறி மாறி வரும்: டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போனால் ஏற்றம், திரும்ப வந்தால் இறக்கம். புதிதாகப் போகிறவர்கள் இறக்க ஆண்டைத்தான் ஆசையாகத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டும் ஓடியவர்களைக் கேட்டுப் பாருங்கள், தொடையை முறிப்பது இறக்க ஆண்டுதான் என்பார்கள். அமெரிக்காவில் இன்னொன்று, எவரெஸ்டுக்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட உயரமான 29,029 அடியையே பெயராக வைத்து நடக்கிறது. ஒரே மலையில் 36 மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்ப ஏறி அந்தக் கணக்கை முடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கீழே வருவது கேபிள் காரில்! நல்ல வியாபாரிகள், இறக்கத்தை மட்டும் கழற்றிவிட்டால் சாதாரண ஆளும் முடித்துவிடுவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வெள்ளியங்கிரியில் கேபிள் கார் கிடையாது.

எவரெஸ்டிலேயே 1921 முதல் 2006 வரை நடந்த சாவுகளைக் கணக்கெடுத்து 2008இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். 8,000 மீட்டருக்கு மேலே போய் இறந்த மலையேறிகளில் 56 சதவீதம் பேர், உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும்போது இறந்தவர்கள். ஏறும்போது இறந்தவர்கள் 10 சதவீதம். நாம் யாரும் 8,000 மீட்டருக்குப் போகப்போவதில்லை, சரி. ஆனால் உயரத்தில் ஆக்சிஜன் குறைவால் வருகிற மலைநோய்க்கு முதல் மருந்தே இறங்குவதுதான் என்பது பேஸ் கேம்ப் போகிறவர்களுக்கும் பொருந்தும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்குகிற உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது பொது விதி. அதையும் மீறி நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொண்டால் உடனே கீழே வர வேண்டும், அதுவும் ராத்திரியானாலும். மேலே போகவே கால் பலம் முழுவதையும் செலவழித்துவிட்டவன் அந்த ராத்திரி எதை வைத்து இறங்குவான்?

இங்கே ஒரு கேள்வி வரும்: "செட்டிநாட்டில் மலைக்கு எங்கே போவது? தட்டையான பூமி, செம்மண், கண்மாய்க்கரைதானே உயரம்?" 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறிய முத்தமிழ்ச்செல்வி விருதுநகர் மாவட்டத்துக்காரர், நம்மைப்போலவே வானம் பார்த்த பூமி. தவிரவும், இறங்கிப் பழகப் பெரிய மலை தேவையே இல்லை.

வீட்டு முற்றத்துப் படி ஒன்று போதும். ஒரு காலைப் படியில் ஊன்றிக்கொண்டு, மறுகாலின் குதிகால் கீழே தரையைத் தொடும்வரை மெல்ல இறக்க வேண்டும். நாலு எண்ணி முடிக்கும்போதுதான் தொட வேண்டும், தொப்பென்று விழக்கூடாது. ஊன்றிய காலின் முட்டி உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராகவே மடங்க வேண்டும். பத்துப் பத்தாக இரண்டு காலுக்கும் செய்து பாருங்கள், மாரத்தான் ஓடுகிறவனுக்கே தொடை நடுங்கும். (சாக்ஸோடு செய்யாதீர்கள். எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிற ஆத்தங்குடிக் கல்லில் சறுக்கினால் மலைக்கே போக வேண்டியதில்லை, நேராக எலும்பு டாக்டர்.)

அடுத்தது குன்றக்குடி. சின்ன மலைதான். ஆனால் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கினால் எவ்வளவு பெரியதாக வேண்டுமானாலும் ஆக்கிக்கொள்ளலாம். கோயில் படி என்பதால் வெறுங்கால், அது பாதத்துக்கும் நல்லது. கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போங்கள். கும்பிட வருகிறவர்களுக்கு இடைஞ்சலாக ஓடக்கூடாது. நான் வேர்த்து வழிய இறங்கி வந்து மறுபடியும் ஏறப்போவதைப் பார்த்த பூக்கார அக்கா, "என்ன தம்பி, அப்படி என்னதான் வேண்டுதலு?" என்று கேட்டார். இதற்கு ஒழுங்கான பதில் இன்னமும் என்னிடம் இல்லை.

சுற்றுவட்டாரத்தில் முழுப் பரீட்சை எழுத வேண்டுமானால் சிங்கம்புணரி தாண்டி இருக்கிற பிரான்மலை. பாரியின் பறம்புமலை இதுதான் என்று சொல்வார்கள். அடிவாரத்தில் தேவாரப் பாடல் பெற்ற சிவன் கோயில், மேலே போனால் தர்கா, ஆகவே வழித்துணைக்கு எல்லாச் சாமியும் உண்டு. அங்கே நான் பார்த்துப் பழகியது: இறங்கும்போது காலை எட்டிவைக்கிற தூரம் குறைய வேண்டும், முட்டி எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும், பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்க்கக்கூடாது. சாய்ந்தால் குதிகால் வழுக்கும். பார்வை காலடியில் இல்லாமல் நாலைந்து அடி முன்னே போக வேண்டும். இறங்கத் தொடங்குமுன் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பாதம் முன்னால் சறுக்கிச் சறுக்கி, கட்டைவிரல் நகம் கறுத்துக் கழன்றுவிடும்.

உடம்பில் ஒரு நல்ல குணம் உண்டு. ஒருமுறை நன்றாக இறங்கி வலி கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை வெகு குறைந்த வலியோடு தாங்கும். அதனால் பெரிய மலைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பாக ஒரு நீண்ட இறக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் வேண்டாம், கிழிந்தது ஆற நேரம் இருக்காது. ஏற்கெனவே முட்டி வீங்குகிறவர்கள் என் பேச்சைக் கேட்காமல் டாக்டர் பேச்சைக் கேளுங்கள். "இறங்கிப் பழகினால் முட்டி தேய்ந்துவிடும்" என்று நல்ல முட்டியை வைத்துக்கொண்டு சொல்கிறவர்களோடு மட்டும் எனக்குச் சண்டை. பழகாமல் ஒரே நாளில் ஏழு மலை இறங்கினால் தேயாதாக்கும்?

சைக்கிள்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடித்ததைக் கொண்டாடுகிறவர்கள், அதே எழுபதில் இறங்குவதை யோசிப்பதில்லை. பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்து முடிக்க வேண்டும், வளைவுக்குள் போய்ப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். பிடித்தபடியே இறங்கினால் ரிம் கொதிக்கும், விரல் மரத்துப்போகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊர் பேர் தெரியாத வாட்ஸ்அப் குழுவோடு காட்டுக்குள் போகாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கி வருகிற வழியில்தான். 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 வழிகளைத் திறந்திருக்கிறது. வழிகாட்டியோடு போகலாம், முன்பதிவு செய்யலாம். காசு கொஞ்சம் கூட என்று முணுமுணுக்கிறார்கள். ஷூவுக்குப் பன்னிரண்டாயிரம் கொடுக்கிறவர்கள் முணுமுணுப்பதுதான் வேடிக்கை.

வருகிற ஞாயிறு விடியுமுன் நாங்கள் சிலர் பிரான்மலை போகிறோம். புதியவர்கள் வரலாம், இன்பாக்ஸில் சொல்லிவிடுங்கள். ஏறுவது அவரவர் வேகத்தில், இறங்குவது எல்லோரும் சேர்ந்து, ஆக மெதுவான ஆளின் வேகத்தில். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு கம்பு. சாப்பாடு கீழே வந்த பிறகு சிங்கம்புணரியில். கால் நகத்தை சனிக்கிழமையே வெட்டிக்கொண்டு வாருங்கள்.