மண்ணெண்ணெய் துருவைக் கரைக்காதுய்யா!

துருப்பிடித்த நட் ஒன்று கழற்ற வரவில்லை என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊத்து" என்பார்கள். ஊற்றிய கையோடு ஸ்பேனரை மாட்டி ஒரே முறுக்கு. நட்டின் மூலைகள் மழுங்கி உருண்டையாகும், இல்லாவிட்டால் போல்ட்டின் தலை தனியாகக் கையில் வரும். கடைசியில் திட்டு வாங்குவது மட்டும் மண்ணெண்ணெய்!

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எல்லாம் கிரீஸைக் கரைக்கும், எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும். துருவை இம்மியும் கரைக்காது. துரு அமிலத்துக்குத்தான் அசையும். இறுகிய நட்டில் மண்ணெண்ணெய் செய்வதெல்லாம் மரை இடுக்கில் இறங்கி வழுக்கல் கொடுப்பதுதான். துருவோ தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடித்து உப்பி, அந்த இடுக்கையே அடைத்து வைத்திருக்கிறது. இதில் ஐந்து நிமிஷத்தில் எண்ணெய் உள்ளே போய்விடுமாம்! கழண்டது எந்த மரை என்றே சந்தேகம் வருகிறது.

வெளியே தெரியும் மரையை முதலில் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். எண்ணெய் விட்டு, நட்டின் பக்கங்களைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் துரு விரிசல் விட்டு வழி கிடைக்கும். ராத்திரி முழுக்க ஊறட்டும், நடுவில் இரண்டு மூன்று தடவை மறுபடி விடுங்கள். காலையில் ஆறுமுனை சாக்கெட் (நட்டின் மேல் தொப்பிபோல் மாட்டும் ஸ்பேனர்). பன்னிரண்டு முனையைத் தொடாதீர்கள், மூலையைத் தின்பதே அதுதான். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் கழற்றும் பக்கம். வந்தவரை வரட்டும், திரும்ப இறுக்கி, திரும்பக் கழற்றி.

அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். எண்ணெயும் சரிபாதி கலந்தால் இறுகிய நட்டுக்கு நல்ல கலவைதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒட்டாது, நின்றால் பிரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் விட வேண்டும். அசிட்டோன் கிடைக்கவில்லை என்று நெயில் பாலிஷ் ரிமூவரை ஊற்றுகிறவர்களை என்ன சொல்ல? அதில் தண்ணீரும் வாசனையும் இருக்கும், சிலதில் அசிட்டோனே இருக்காது. அசல் அசிட்டோன் பக்கத்திலுள்ள பெயின்ட்டையும் பிளாஸ்டிக் மூடியையும் சேர்த்து உரித்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வயிறு எரிவது பெட்ரோலில் பாகம் கழுவுவதைப் பார்க்கும்போதுதான். தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி கிளம்ப மண்ணெண்ணெய்க்கு 38 டிகிரியாவது வேண்டும். பெட்ரோலுக்கு மைனஸ் 40 டிகிரியே போதும்! அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து அடுத்த மூலையில் இருக்கும் அடுப்பையோ மோட்டார் பொறியையோ தேடிப் போகும். போதாக்குறைக்கு அதில் புற்றுநோய் தரும் பென்சீன். வெறுங்கையில் தேய்க்கிறார்கள்!

இன்னும் சிலர் எண்ணெய் சொட்டச் சொட்ட நட்டின் மேல் கேஸ் டார்ச் நெருப்பைக் காட்டுகிறார்கள். சூடு காட்டுவது அருமையான வழி, ஆனால் காய்ந்த நட்டில், போல்ட்டை விட்டு நட்டை மட்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடம் என்றால் சுத்தமாகக் காயும்வரை நெருப்போ வெல்டிங்கோ கிட்டவே வரக்கூடாது, பாஸ்ஜீன் என்ற கொடிய விஷவாயு கிளம்பும்.

பிரேக் சிலிண்டரை டீசலில் கழுவுகிற மகானுபாவர்களே, அதன் ரப்பர் வாஷர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிப் போகும். அப்புறம் பிரேக் பிடித்தபடி நிற்கும், இல்லை பிடிக்கவே பிடிக்காது.

துருவையே கரைக்க வேண்டுமென்றால் வினிகர், அல்லது ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம். கிரீஸை முதலில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அமிலம் துருவைத் தொடவே முடியாது. ஒரு ராத்திரி ஊறவைத்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்துக் காயவைத்து எண்ணெய் பூசுங்கள். தாமதித்தால் மணிக்கணக்கிலேயே புதுத் துரு பூக்கும். துத்தநாகம் (ஜிங்க்) பூசியதைப் போடாதீர்கள், பூச்சு போய்விடும். கெட்டியாக்கிய எஃகு ஸ்பிரிங்கும் வேண்டாம், பிறகு பட்டென்று ஒடியும். வேகமாகப் போகட்டும் என்று வினிகரில் பிளீச்சிங் திரவத்தைச் சேர்த்தால் வருவது குளோரின் வாயு.

மிஞ்சிய மண்ணெண்ணெயை, பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைக்கிறீர்களே, அதைக் குழந்தை எடுத்துக் குடித்தால் நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி எடுக்கவும் வைக்கக்கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். வாங்கின டப்பாவிலேயே வைத்துத் தொலைத்தால் என்ன?