பாலத்துக்கு அந்தப் பக்கம் பிஆர் கார்டு செல்லாது

"கனடா பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு) இருக்கிறது, அமெரிக்கப் பக்கம் பஃபலோ போய்வர விசா வேண்டுமா?" தெரிந்தவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். உடனே நாலு பேர், "நான் போனேனே, ஒன்றும் கேட்கவில்லை" என்பார்கள். எனக்கு எரிச்சல் அந்த நாலு பேர் மேல்தான். எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு போனார் என்று அவரும் சொல்வதில்லை, கேட்டவரும் கேட்பதில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

பிஆர் நமக்கும் கனடாவுக்கும் உள்ள ஏற்பாடு. அமெரிக்கா பார்ப்பது குடியுரிமையை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிஆர்காரர் எஸ்டா என்ற ஆன்லைன் பயண அனுமதி எடுத்துக்கொண்டு போகலாம் (2022 அக்டோபரிலிருந்து காரில் போனாலும் அது வேண்டும்). இந்தியப் பாஸ்போர்ட், இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் பி1/பி2 என்ற வருகையாளர் விசாதான். டிஎஸ்-160 படிவம், 185 அமெரிக்க டாலர் விண்ணப்பக் கட்டணம், நேர்காணலுக்கு நாள் கிடைக்கும்வரை காத்திருப்பு. டொராண்டோவில் எத்தனை வருடம் வரி கட்டினோம் என்பது கணக்கில் வராது. முன்பு காமன்வெல்த் நாட்டவர் கனடாவில் பிஆராக இருந்தால் விசா இல்லாமலே போய்வந்தார்கள். 2003 மார்ச்சோடு அந்தச் சலுகை போய்விட்டது.

எதிர்த்திசையில் கதை வேறு. அமெரிக்க கிரீன் கார்டு இருந்தால் கனடாவுக்கு விசா வேண்டாம், ஈடிஏ என்ற கனடாவின் ஆன்லைன் பயண அனுமதியும் வேண்டாம். முன்பு தரைவழியாக வந்தால் கார்டு மட்டுமே போதும். 2022 ஏப்ரல் 26 முதல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் சேர்ந்து இருக்க வேண்டும். நியூஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா மகன் பழைய நினைப்பில் கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு, நயாகராவில் இரு நாடுகளையும் இணைக்கும் ரெயின்போ பாலம்வரை வந்துவிட்டான். பாஸ்போர்ட் வீட்டு அலமாரியில். அவர்களால் இந்தப் பக்கம் வர முடியவில்லை. எங்களுக்கு அப்போது விசா இல்லை, அந்தப் பக்கம் போக முடியவில்லை. எங்கள் வீட்டில் தாராளமாகப் போகக்கூடியவர்கள் இங்கே பிறந்த இரண்டு வாண்டுகள் மட்டும்தான். நயாகராவுக்கு இரு கரையிலும் நின்று, போனில் பேசியபடி கையாட்டிவிட்டு வீடு திரும்பினோம்.

என்னைக் கேட்டால் கனடா செய்வதுதான் சரி. பக்கத்து நாடு ஒருவரைக் கைரேகை முதல் காவல்துறைச் சான்றிதழ் வரை அலசி நிரந்தரமாக ஏற்றுக்கொண்ட பிறகு, அவரை மறுபடியும் முதலிலிருந்து சோதிப்பானேன்? அமெரிக்காவும் இதையே நமக்குச் செய்தால் என்ன? அவர்களுக்கு அவர்கள் காரணம் இருக்கும். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம், திரும்பி வருவது. போகும் அவசரத்தில் இதைப் பலர் யோசிப்பதில்லை. கார்டு காலாவதியானாலும் பிஆர் நிலை தானாகப் போய்விடாது. ஆனால் விமானத்திலோ பஸ்ஸிலோ ரயிலிலோ கனடா திரும்ப, செல்லுபடியாகும் பிஆர் கார்டைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வெளிநாட்டில் இருந்தபடியே பிஆர் பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சொந்தக் காரில் வந்தால் வேறு ஆதாரம் காட்டி நுழைய வழி உண்டு. அதை நம்பிக் கிளம்புவது எனக்கு ஒத்துவராது.

எங்களுக்கு ஒருவழியாக விசா கிடைத்துவிட்டது. அதற்குள் பாஸ்போர்ட் காலாவதியாகிப் புதிது வாங்கியாயிற்று. பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா சேதமில்லாமல் இருந்தால் இன்னும் செல்லும் என்பதால், இரண்டையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். சித்தப்பா மகனுக்கும் போட்டோ எடுத்து அனுப்பினேன்.