கையெழுத்தை இயந்திரம் போடக் கூடாது

பட்டாளத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போகும் இரங்கல் கடிதத்தில், அதை அனுப்பும் தலைவர் தன் கையால்தான் கையெழுத்துப் போட வேண்டும். "கடிதம் போனால் போதாதா, கையெழுத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2004 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு விஷயம் அம்பலமானது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இறந்த சிப்பாய்களின் குடும்பங்களுக்கு, பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் போயிருந்தன. அவற்றில் இயந்திரம் கையெழுத்துப் போட்டிருந்தது. கடிதம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்ததாகச் சொன்னார். இனி எல்லாவற்றிலும் நானே போடுகிறேன் என்றும் அறிவித்தார்.

சீக்கிரம் என்ற காரணம் என் மனதுக்கு ஒப்பவில்லை. சாவுச் செய்தியைச் சொல்ல ஆள் வாசலுக்கே வந்துவிடுகிறார். கடிதம் பத்து நாள் தள்ளி வந்தால் என்ன கெட்டுப்போகும்?

நம் நாட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1999 கார்கில் போரில் இறந்தவர்கள் 527 பேர். ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினாலும் மொத்தம் 44 மணி நேரம்கூட ஆகாது. அந்த நேரத்தைக் குடும்பத்தின் ஆறுதலுக்காக மட்டும் நான் கேட்கவில்லை. போ என்று உத்தரவு போட்டவர் ஒவ்வொரு பெயரின் முன்னாலும் பேனாவோடு உட்கார வேண்டும். வயது, ஊர், அப்பா பெயர் எல்லாம் அவர் கண்ணில் பட வேண்டும். ஐம்பதாவது பெயருக்கு வரும்போது விரல் வலிக்கட்டும். அந்த வலி கண்டவர் அடுத்த உத்தரவுக்கு முன் கொஞ்சம் தயங்குவார் என்று நான் நிஜமாகவே நம்புகிறேன்.

கைப்பட எழுதினால் பிழை வரும் என்பார்கள். வந்திருக்கிறது. 2009இல் பிரிட்டன் பிரதமர் கோர்டன் பிரவுன், ஆப்கானிஸ்தானில் இறந்த சிப்பாயின் தாய்க்குத் தன் கையால் எழுதிய கடிதத்தில் குடும்பப் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார். அந்தத் தாய் கொதித்துப்போனார், பத்திரிகையில் பெரிய செய்தியானது. இளவயதில் ரக்பி ஆடும்போது அடிபட்டு ஒரு கண்ணில் பார்வை போனவர் பிரவுன். தடித்த பேனாவில் பெரிய பெரிய எழுத்தாகத்தான் எழுதுவார். அவரே தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். செத்த பிள்ளையின் பெயரைப் பிழையாகப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் வயிறு எரியும். ஆனாலும் பிரவுன் மேல் எனக்கு மரியாதை உண்டு. தப்பு செய்ததும் அவர்தான், போனை எடுத்ததும் அவர்தான். உதவியாளரைக் கைகாட்டித் தப்பிக்க அங்கே இடமில்லை.

எங்கள் பக்கத்தில் இது வெளிநாட்டுச் செய்தி இல்லை. குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி, எல்லை தாண்டினால் சித்தூர், பலமநேர். தமிழ் பேசும் வீடானாலும் தெலுங்கு பேசும் வீடானாலும் ஒரு மிலிட்டரிக்காரரையாவது சொந்தம் என்று சொல்லிக்கொள்ளும். வேலூரை ஒட்டிய கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. இங்கே வரும் கடிதத்தை யாரும் பெட்டிக்குள் போட்டு வைப்பதில்லை. லேமினேஷன் செய்து, மாலை போட்ட போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டுகிறார்கள்.

எங்கள் தெரு ஆயா ஒருவருக்கு வந்த ஆங்கிலக் கடிதத்தை நான்தான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது அவுரே போட்ட கையெழுத்தா கண்ணு?" என்றார். மை இல்லை, அச்சு. பார்த்ததுமே தெரிந்தது. "பெரிய பதவில இருக்கறவங்க ஆயா, ஆபீஸ்ல போட்டு அனுப்பிடுவாங்க" என்றேன். "புள்ளய நான்தான பஸ் ஏத்தி வுட்டேன்? வேற ஆள வுட்டா ஏத்துனேன்?" என்றார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

பணம் கொடுக்கிறார்களே என்பார்கள். 2020இல் கல்வானில் இறந்த 20 பேரில் ஒருவரான ராமநாதபுரத்து ஹவில்தார் பழனியின் குடும்பத்துக்கு, தமிழ்நாடு அரசு 20 லட்சமும் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவித்தது. வேண்டியதுதான். அது வேறு, இது வேறு.

இன்னும் உறுத்துவது ஒன்று உண்டு. துப்பாக்கிச் சண்டையில் இறந்தால் வாசலில் கார்கள் நிற்கும். வண்டி கவிழ்ந்தோ, காய்ச்சலிலோ, குளிரிலோ இறந்தவர் வீட்டில் காரியம் முடியும்போது சொந்தக்காரர்கள் மட்டும்தான் இருப்பார்கள். சியாச்சினில் குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவும்தான் அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன. 2016 பிப்ரவரி 3 அன்று அங்கே 19ஆவது மெட்ராஸ் படைப்பிரிவைச் சேர்ந்த பத்துப் பேர் பனியில் புதைந்தார்கள். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தப் பத்தில் நான்கு பேர் தமிழ்நாடு, அவர்களில் ஒருவர் எங்கள் வேலூர் மாவட்டம். இன்னொருவர் ஆந்திரத்தின் கர்னூல். எதிரி சுடவில்லை என்பதால் இவர்கள் சாவு குறைந்ததா?

அமெரிக்காவில் 2011 வரை, தற்கொலை செய்துகொண்ட சிப்பாயின் குடும்பத்துக்கு அதிபரின் கடிதமே போகாது. அந்த ஆண்டு ஒபாமா, போர்க்களத்தில் இருக்கும்போது அப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் கடிதம் போகும் என்று மாற்றினார். அதுவும் பாதி தூரம்தான். ஊருக்குத் திரும்பி வந்தபின் உயிரை விட்டவர் அதிலும் சேரவில்லை.

வேலூர், அரக்கோணம், சித்தூர் எம்.பி.க்களுக்கு இந்தப் பதிவை அனுப்பப் போகிறேன். கட்சி எதுவானாலும் மூவரும் சேர்ந்து நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டியது இதுதான்: பணியில் இறக்கும் ஒவ்வொரு வீரரின் வீட்டுக்கும், எப்படி இறந்தாலும், கடிதம் போகிறதா? யார் பெயரில்? கையெழுத்தை அவர் கையால் போடுகிறாரா? அந்த வீட்டில் பேசும் மொழியில் இரண்டு வரியாவது அதில் இருக்கிறதா?