வேட் நோபிள்ஸைப் பாராட்டுபவர்கள் விட்டுவிடும் பகுதி

கறுப்பின உளவியல் என்றாலே நம் ஆட்கள் காலனி ஆதிக்கம் மனதை என்ன செய்கிறது என்று எழுதிய மனநல மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபனோனைத்தான் சொல்வார்கள். சரி, அவர் பெரிய ஆள், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்கக் கறுப்பர் வீடுகளுக்குள் என்ன நடக்கிறது, அங்கே யார் யாரை வளர்க்கிறார்கள், அதை உளவியல் ஏன் இத்தனை காலம் தப்பாகவே படித்தது என்று ஆயுள் முழுக்கக் கேட்ட ஒருவர் இருக்கிறார். வேட் நோபிள்ஸ். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் பேராசிரியர். கறுப்பர் குடும்ப வாழ்வையும் பண்பாட்டையும் ஆராய்வதற்கென்றே ஓக்லண்டில் ஒரு நிறுவனத்தை நடத்தியவர்.

அவரைப் பற்றி நான் படித்த பாராட்டுகளில் முன்னோடி, ஞானி, வழிகாட்டி எல்லாம் வருகிறது. அவர் யாரோடு மோதினார் என்பது மட்டும் வருவதில்லை. எனக்கு அவரைப் பிடித்ததே அந்த மோதலுக்காகத்தான்.

1965-ல் அமெரிக்கத் தொழிலாளர் துறையில் உதவிச் செயலராக இருந்த டேனியல் பேட்ரிக் மோய்னிஹான் கறுப்பர் குடும்பம் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அடிமை முறையும் வேலையின்மையும் அந்தக் குடும்பங்களைச் சிதைத்துவிட்டன, பெண்கள் தலைமையிலான வீடுகள் பெருகிவிட்டன, இதெல்லாம் ஒன்றோடொன்று பின்னிய நோய்ச்சிக்கல் என்பது அதன் சாரம். நியாயமாகச் சொன்னால், ஆண்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு உண்மையாகவே இருந்தது. ஆனால் வேலையை எல்லோரும் மறந்தார்கள், 'நோய்' மட்டும் ஊரெல்லாம் நின்றது. அப்பா, அம்மா, பிள்ளைகள் ஒரே கூரையில் இருந்தால் குடும்பம், இல்லையென்றால் குறை. பேரனை வளர்க்கும் பாட்டி அந்தக் கணக்கில் 'அப்பா இல்லாத வீடு' என்றுதான் பதிவாவாள். பக்கத்துத் தெருவிலிருந்து வந்து சோறு போடும், ரத்த உறவே இல்லாத அத்தைக்கு அதில் கட்டமே கிடையாது.

நோபிள்ஸ் 1970களில் எழுதிய கட்டுரைகள் இந்த இடத்தில்தான் கைவைக்கின்றன. வெள்ளையர் குடும்பம் உடைந்துபோனால் எப்படியிருக்குமோ அப்படித்தான் கறுப்பர் குடும்பம் என்ற பார்வையையே அவர் ஏற்கவில்லை. அது கடல் கடந்தும், விற்கப்பட்டும், பிரிக்கப்பட்டும் தப்பிவந்த ஆப்பிரிக்க உறவுமுறை என்றார். கென்யாவைச் சேர்ந்த ஜான் எம்பிட்டி ஆப்பிரிக்கச் சமயங்களைப் பற்றி எழுதியதிலிருந்து ஒரு கருத்தை எடுத்துக்கொண்டார்: நாம் இருப்பதால்தான் நான் இருக்கிறேன். மேற்கத்திய உளவியல் 'தான்' என்று ஒற்றை ஆளை நிறுத்தி அளக்கிறது. இந்த மக்களின் 'தான்' உறவுகள்வரை நீளுகிறது. அப்படியானால் அந்த அளவுகோல் இங்கே எதை அளக்கும் என்பதுதான் அவர் கேள்வி. இன்னொன்றும் சொன்னார். நான் வரையறுத்த உலகத்தை உன்னுடையது என்றே நீ நம்பி நடக்கும்படி செய்ய முடிந்தால், அதுதான் அதிகாரம். மோய்னிஹான் அறிக்கையை இதோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள்.

இதெல்லாம் வெறும் தத்துவம் என்று நினைப்பவர்களுக்கு கறுப்பினக் குழந்தைகளுக்கு வைத்த ஐ.க்யூ. சோதனைகளை எதிர்த்து நடந்த 'லாரி பி.' வழக்கைச் சொல்வேன். 1968-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மாநாடு சான் பிரான்சிஸ்கோவில் நடந்தபோது, இனி இவர்களோடு மன்றாடிப் பயனில்லை என்று கறுப்பின உளவியலாளர்கள் தனிச்சங்கம் தொடங்கினார்கள். நோபிள்ஸ் அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவர், பின்னாளில் தலைவர். அந்தச் சங்கத்தின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரக்காரர்கள் அங்குள்ள பள்ளிகளில் ஒரு வேலை செய்தார்கள். ஐ.க்யூ. சோதனையில் 75-க்குக் கீழே வாங்கியதால் மூளை வளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் தள்ளப்பட்டிருந்த கறுப்பினக் குழந்தைகளை மறுபடி உட்காரவைத்துச் சோதித்தார்கள். குழந்தையின் பயத்தைப் போக்கி, கேள்விகளை அதற்குப் பழகிய பேச்சில் கேட்டார்கள். வழக்குப் போட்ட குழந்தைகள் அத்தனை பேரும் 75-ஐத் தாண்டினார்கள்.

அப்போது புழங்கிய வெக்ஸ்லர் ஐ.க்யூ. சோதனையில் ஒரு கேள்வி: உன்னைவிடச் சின்னப் பையன் உன்னோடு சண்டைக்கு வந்தால் என்ன செய்வாய்? திருப்பி அடிக்கக் கூடாது என்பது 'சரியான' விடை. அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் திட்டு விழும் தெருவில் வளர்ந்த பையன் வேறு விடை சொல்வான். அவன் புத்தியில் என்ன குறை?

1971-ல் தொடங்கிய 'லாரி பி.' வழக்கில் 1979-ல் நீதிபதி ராபர்ட் பெக்கம் தீர்ப்பளித்தார். கலிஃபோர்னியா மாணவர்களில் கறுப்பினக் குழந்தைகள் சுமார் 10 சதவீதம். அந்த வகுப்புகளிலோ சுமார் 25 சதவீதம். அந்தச் சோதனைகளை வைத்துக் கறுப்பினக் குழந்தைகளை அங்கே அனுப்பக் கூடாது என்று தடை வந்தது. வழக்கை நடத்தியது நோபிள்ஸ் இல்லை. ஆனால் அளவுகோலைச் சந்தேகப்படு என்ற அதே புத்திதான் அங்கேயும் வேலை செய்தது.

இப்போது நான் நோபிள்ஸோடு முரண்படும் இடங்கள். அவர் போகப்போக மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்கள் குறி கேட்கும் சமய மரபான இஃபா, பழைய எகிப்து என்று ஆழமாக உள்ளே போனார், தீட்சையே பெற்றார். அது அவர் விருப்பம். ஆனால் 'ஆப்பிரிக்க ஆன்மா' என்று ஒரு கண்டத்தையே ஒரே மூட்டையாகக் கட்டும்போது நான் நின்றுவிடுகிறேன். மேற்கே இருக்கும் யொருபாவும் தெற்கே இருக்கும் ஜூலுவும் ஒன்றா என்ன? அப்புறம், உறவுகள் சேர்ந்து பிள்ளை வளர்ப்பதைக் கொண்டாடலாம்தான். அந்தப் பாட்டிக்கு ஓய்வு எப்போது என்று யார் கேட்பது? குடும்பம் இத்தனை வலுவானது என்றால் அரசு உதவி எதற்கு என்று கைகழுவவும் ஆட்கள் ரெடியாக இருப்பார்கள்.

இந்த விஷயத்தில் அவர் காலத்தவரான சமூகவியலாளர் ராபர்ட் ஹில் எனக்கு இன்னும் நெருக்கம். 1972-ல் கறுப்பர் குடும்பங்களின் பலங்களை எழுதியபோது, அரசு சேகரித்த மக்கள்தொகைப் புள்ளிவிவரங்களையே எடுத்து, அதே எண்களுக்குள் உறவுப் பிணைப்பையும் உழைப்பையும் காட்டினார். எதிராளியின் சீட்டுக்கட்டிலேயே ஆடி ஜெயிப்பது தனி சுகம்.

2021 அக்டோபரில் அமெரிக்க உளவியல் சங்கம் இனவெறிக்குத் துணைபோனதற்காக மன்னிப்புக் கேட்டது. தனிச்சங்கம் பிறந்து 53 வருடம் கழித்து. நோபிள்ஸைப் படிக்க ஆசைப்படுபவர்கள், குடும்பத்தில் ஆப்பிரிக்கத்தன்மை பற்றி அவர் 1974-ல் 'தி பிளாக் ஸ்காலர்' இதழில் எழுதியதிலிருந்து தொடங்கலாம். இஃபா பற்றி நான் சொன்னது தப்பு என்று தோன்றினால் கமெண்டில் வாருங்கள், பேசுவோம்.