குமட்டலைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்
'மயக்க மருந்துக்குப் பிறகு வாந்தி சகஜம், ஒரு நாள் பொறுத்தால் போதும்' என்று ஆபரேஷன் பற்றிய உங்கள் கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. வயிற்றில் தையலோடு ஓங்கரித்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். முதல் ஆபரேஷன் முடிந்த இரவு முழுக்க தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே கிடந்தேன். பெண்கள், புகைபிடிக்காதவர்கள், பஸ் பயணத்திலேயே குமட்டுகிறவர்கள், மார்ஃபின் வகை வலி மருந்து எடுப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் வாந்திக்கு வாய்ப்பு அதிகம் என்பது டாக்டர்களுக்குத் தெரிந்ததுதானே, அப்புறம் ஏன் முன்கூட்டியே கேட்பதில்லை? சிசேரியனுக்குப் போனபோது நானாகவே சொன்னேன், வாந்தி வரும் முன்பே அதைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் ஊசி போட்டார்கள். மரத்துப்போக முதுகில் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் மட்டும் குப்பென்று குமட்டியது. பிரஷர் இறங்கியதால்தான் அப்படி என்று சொல்லி மயக்க மருந்து டாக்டர் அதை ஏற்ற மருந்து கொடுத்ததும் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிட்டது, குழந்தையின் முதல் அழுகையைத் தெளிவாகக் கேட்டேன்.