ஆச்சியின் கையை ஆச்சிதான் தூக்க வேண்டும்

மூன்று நாள் கிறிஸ்தவ சுவிசேஷக் கூட்டத்தில் மூன்றாம் நாள் ராத்திரி என்ன நடந்தது என்று காரைக்குடி வட்டாரத்தில் எல்லாருக்கும் இந்நேரம் தெரியும். படத்தையும் பார்த்திருப்பீர்கள். அதனால் முழுக்கதையை மறுபடி எழுதவில்லை. இயேசுவை ஏற்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று மேடையிலிருந்து சொன்னபோது, கேட்க வந்திருந்த வயதான ஆச்சி கையைத் தூக்கவில்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற வாலண்டியர் தம்பி முழங்கையைப் பிடித்து உயர்த்தினார். அந்த நொடியில் கேமரா. விடிந்ததும் "தாயார் இரட்சிக்கப்பட்டார்" என்று பதிவு.

தூக்கியது தம்பி. தீர்மானம் மட்டும் எப்படி ஆச்சியுடையது ஆகும்?

ஒருவர் சுவிசேஷத்தைக் கேட்பது வேறு, ஏற்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவோ நடக்கும். அந்த நடுவழியை நாம் கையைப் பிடித்து இழுத்துக் கடக்க வைக்க முடியாது. இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமையைப் புரிந்துகொள்ள நம் வட்டாரத்துக்காரர்களுக்கு விளக்கவுரை தேவையில்லை. செம்புராங்கல் மேல் நாலு விரல்கடை மண் கிடக்கும் இடத்தில் விதை போட்டுப் பாருங்கள். மற்ற இடத்துக்கு முன்னால் அங்கேதான் பச்சை தெரியும். மண் ஆழம் இல்லாததால்தான் சீக்கிரம் முளைத்தது என்று இயேசுவே காரணம் சொல்கிறார். வெயில் ஏறியதும் வேர் போக இடமில்லாமல் கருகிவிடும். முதல் நாளே ஓடிவந்து அழுகிறவர்களைப் பார்த்து நாம் குதிக்கிறோம். அந்தப் பச்சை எந்த மண்ணில் தெரிகிறது என்று யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. முள் நிலமும் நமக்குத் தெரிந்ததுதான். சீமைக்கருவேலைத் தூரோடு எடுக்காமல் மேலாக வெட்டிவிட்டு விதைத்தால், பயிருக்கு முன்னால் முள் தழைக்கும். கடன், வீட்டுச் சண்டை, காசு ஆசை எல்லாம் அப்படித்தான் உள்ளே இருக்கும், கை தூக்கியதால் போய்விடாது.

புழுதி விதைப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதையாவது நினைத்துப் பார்க்கக் கூடாதா? மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். விதை மண்ணுக்குள் சும்மா கிடக்கும். மழை இறங்கினால்தான் முளை. முளைத்ததா என்று தினமும் கிளறிப் பார்க்கிற விவசாயி உண்டா? ஆச்சி மூன்று நாளும் வந்தார், கடைசி வரை இருந்து கேட்டார். விதை மண்ணுக்குள் போயிருந்தது. அதைத்தான் கிளறிவிட்டோம்.

"இயேசுவின் சீடர் பேதுரு ஒரே பிரசங்கத்தில் 3000 பேரை ஆதாயப்படுத்தவில்லையா?" என்கிறீர்கள். வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். அவர்கள் இருதயத்தில் குத்தப்பட்டு, "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று அவர்களே கேட்டார்கள். பேதுரு அதற்குப் பிறகுதான் மனந்திரும்பச் சொன்னார். அவர்கள் யூதர்கள், வேதத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள். பதினேழாம் அதிகாரத்தில், அப்போஸ்தலன் பவுல் பிரசங்கித்த அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்துக்கு வாருங்கள். அங்கே சிலர் இகழ்ந்தார்கள், சிலர் இன்னொரு வேளை கேட்கிறோம் என்றார்கள், தியொனீசியு, தாமரி என்று சிலர் விசுவாசித்தார்கள். பவுல் போன இடத்திலேயே மூன்று விதமான பதில். பவுலுக்கே அப்படி என்றால் நமக்கு மட்டும் பந்தல் முழுக்கக் கை உயர வேண்டுமா? மேடையிலிருந்து உடனே முன்னால் வரச் சொல்லும் வழக்கமே 1830-களில் அமெரிக்காவில் சார்லஸ் ஃபின்னி என்ற பிரசங்கியார், மனக்கலக்கம் உள்ளவர்களுக்கென்று முன்னால் ஒரு பெஞ்சு போட்டதிலிருந்துதான் பெரிதாகப் பரவியது. அதைப் பாவம் என்று நான் சொல்லவில்லை. வேதம் கட்டளையிட்ட முறை அது இல்லை, அவ்வளவுதான்.

"வயதான ஆச்சி நாளைக்கு இருப்பாரா? இன்றைக்கே இரட்சணிய நாள் அல்லவா?" இந்தக் கேள்வி என்னையும் உலுக்குகிறது. இதை லேசாகத் தள்ள மாட்டேன். அவசரம் உண்டுதான், ஆனால் அது நாம் சொல்லுவதில் இருக்க வேண்டும். அவர் முழங்கையில் இல்லை. பவுல் பேசியதைக் கேட்ட ரோம ஆளுநர் பேலிக்ஸ் பயந்து நடுங்கி, சமயமானபோது கூப்பிடுகிறேன் என்றான். பவுல் இரண்டு வருஷம் அவன் காவலில் கிடந்தார். அவன் கூப்பிட்ட போதெல்லாம் போய்ப் பேசினார். பேலிக்ஸ் மனந்திரும்பினான் என்று யாருக்கும் எழுதி அனுப்பவில்லை. பணக்கார வாலிபன் துக்கத்தோடு திரும்பிப் போனபோது, அவனிடம் அன்புகூர்ந்த இயேசுவே அவன் தோளைப் பிடித்து நிறுத்தவில்லை. நம் அன்பு அதைவிடப் பெரிதா?

ஊழியத்தைக் கெடுக்கிறேன் என்கிறவர்களுக்குப் பதில் இல்லை. மதம் மாற்றுகிற கும்பல் என்று எழுதுகிறவர்களுக்கு அந்தப் படத்தைக் கையில் கொடுத்தது நான் இல்லை.

உண்மையிலேயே கை தூக்கியவர்கள் எங்கே? அதைக் கேட்டால் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. பெயரும் போன் நம்பரும் எழுதிய தீர்மான அட்டைகள் ரப்பர் பேண்டு போட்டு யாரோ ஒருவர் பையில் கிடக்கின்றன. அவர்களைப் பார்க்க ஒரு வாரத்துக்குள் போக வேண்டும். போன் பண்ணிக் கேட்டுவிட்டு, இரண்டு பேர் மட்டும். பெண்ணைப் பார்க்கப் பெண்தான் போக வேண்டும். திண்ணையில் உட்காரச் சொன்னால் திண்ணையிலேயே உட்காருங்கள். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான். நாளுக்கு ஒன்று வாசிக்கச் சொல்லிவிட்டு, அடுத்த முறை எது மனதில் பட்டது என்று கேளுங்கள், பிறகு வாயை மூடிக்கொண்டு அவர் பேசுவதைக் கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே குங்குமத்தை அழி, சாமி படத்தை இறக்கு என்று ஆரம்பித்தால் அந்த வீட்டுக் கதவு அன்றோடு சாத்தப்படும். இங்கே ஒரு வளவுக்குள், அதாவது ஒரே வீட்டுக்குள், அஞ்சாறு புள்ளி, அதாவது அஞ்சாறு குடும்பம் இருக்கும். ஒருவர் கை தூக்கினால் அத்தனை புள்ளிக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். மேடையில் இருந்தவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

ஓரியூர் நமக்கு எட்டாத ஊர் இல்லை. மறவர் தலைவர் தடியத்தேவர் தாமே ஞானஸ்நானம் கேட்டு வந்தபோது, பல மனைவியர் இருந்த அவரிடம் போர்த்துக்கீசிய குரு அருளானந்தர், ஒருத்தியோடு மட்டும் வாழ வேண்டும் என்று முதலில் சொன்னார். அதன் பாரம் தெரிந்து அவர் சம்மதித்த பிறகுதான் ஞானஸ்நானம். அதற்கான விலையை 1693 பிப்ரவரி 4-ல் அருளானந்தர் ஓரியூரில் தன் தலையால் கொடுத்தார். எண்ணிக்கைக்காக அவர் அவசரப்பட்டிருந்தால் அந்தச் செம்மண்ணுக்கு இன்று யார் போவார்கள்?

இதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. இரண்டாம் நாள் டீ கொடுக்கும்போது ஆச்சி அதே தம்பியிடம் ஒன்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். "தம்பி, சிலுவையில தொங்குன கள்ளனுக்கு மன்னிப்புக் கெடச்சிருச்சுன்னு சொன்னீக. சரி. அவன்கிட்ட களவு குடுத்தவுகளுக்கு யாருப்பா பதில் சொல்றது?" தம்பி சிரித்துவிட்டு, "நாளைக்குச் சொல்லுவாங்க ஆச்சி" என்றார். அந்த நாளைக்குத்தான் ஆச்சி மறுபடி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

படம் இன்று காலை வரை அப்படியே இருக்கிறது. எடுத்துவிடுங்கள். பிறகு யாராவது ஒருவர், கேமரா இல்லாமல், அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர், ஆச்சி வீட்டுக்குப் போய் வாருங்கள். ஆச்சியின் மகன் வாசலிலேயே நிறுத்தினால், முதலில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள்.